அடிபடாத கால்

கிரைண்டரைத் தூக்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் கல்லை வெளியே எடுத்துவிடுங்கள் என்று சுலைகா சொன்னாள். வாஞ்சிநாதன் சிரித்தார்.

"நான் கோயமுத்தூர்க்காரன்மா. உலகத்துக்கே கிரைண்டர் அனுப்பற ஊரு. எங்களுக்கே நீ கிளாஸ் எடுக்கறயா?"

கோயமுத்தூரில் கிரைண்டருக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு, ஒரு கிரைண்டர் கடை வாசலில் நின்று தினமும் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்திருந்ததுதான். ஆனால் நியூஜெர்சிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டால், நின்ற இடமெல்லாம் சொந்தத் தொழில் மாதிரி ஆகிவிடுகிறது.

பிரிட்ஜ்வாட்டரில் ஜைனுதீன் குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோன சனிக்கிழமை அது. பெட்டி படுக்கையெல்லாம் ஆட்கள் வந்து இறக்கிவிட்டார்கள். கிரைண்டரை மட்டும் "அது நம்ம ஊர் பொருள், அவங்களுக்குப் பிடிக்கத் தெரியாது" என்று வாஞ்சிநாதன் தடுத்துவிட்டார். கீழே பேஸ்மென்ட்டுக்கு இறக்க வேண்டும். ஜைனுதீன் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்க, வாஞ்சிநாதன் மேல்பக்கம் பிடித்துக்கொண்டு உத்தரவு போட்டபடி இறங்கினார். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் "லேசாச் சாய்ங்க பாய், லேசா" என்றார். தானும் சாய்த்தார். இருவர் சாய்த்தால் அது லேசு இல்லை என்பது கிரைண்டருக்குத் தெரிந்திருந்தது. மூடி கழன்றது. கல் எழுந்து வந்து ஒரு படியில் யோசித்தது. அடுத்த படியில் முடிவெடுத்து ஜைனுதீனின் வலது பாதத்தின்மேல் உட்கார்ந்தது.

கிரைண்டர் அந்த இடத்திலேயே உயிரை விட்டது. ஜைனுதீன் மட்டும் சத்தம் போட்டார்.

பாதத்தை ஐஸ் பையில் வைத்து சோபாவில் சாய்ந்திருந்தவரிடம், மனைவி சுலைகா, "எக்ஸ்ரே எடுத்துடலாம்ங்க" என்றாள்.

"விரல் ஆடுதில்ல? ஆடுது. அப்ப எலும்பு ஓகே" என்றார் வாஞ்சிநாதன். "அர்ஜென்ட் கேர்ல போய் அரை நாள் உக்காரணும். கடைசில ஒரு வலி மாத்திரை எழுதிக் குடுப்பான். அது என் கார்லயே இருக்கு."

எலும்பு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. அவர் தப்பே செய்யாமல் இருந்த ஒரே இடம் அதுதான் என்பதால் இங்கே எழுதி வைக்கலாம்.

வாஞ்சிநாதன் கார் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் ஒரு ஜிப் பை இருக்கும். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் திருப்பூரில் மச்சினன் வீட்டுத் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பட்டை பட்டையாக வாங்கி வருவது பாதி. இங்கே மொத்தக் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே விற்கும் பெரிய டப்பா மாத்திரைகள் மீதி. ஜைனுதீன் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் டிராவல் ஏஜென்சி வைத்திருப்பவர். வாஞ்சிக்கு டிக்கெட் போடும்போதெல்லாம், "திரும்பி வர்றப்ப நீ ஒரு சீட்டு, உன் மாத்திரை ஒரு சீட்டு, சரியா?" என்று கேட்பார்.

கோயில் அன்னதானத்தில் இடுப்புப் பிடித்தவர்கள், கிரிக்கெட்டில் தோள் இறங்கியவர்கள், பிள்ளைகளின் நடன அரங்கேற்றத்தில் நாற்காலி அடுக்கி முதுகு போனவர்கள் எல்லாருக்கும் அந்த டிக்கி திறந்திருக்கிறது. வாங்கியவர்கள் மறுநாள் கைகூப்பி "சார், மேஜிக் சார்" என்றதுண்டு. அந்த ஒரு வார்த்தைக்காக மனிதன் என்ன வேண்டுமானாலும் செய்வான். அவர் மகள் அதிதி மட்டும் ஒருமுறை, "அப்பா, திஸ் இஸ் லிட்டரலி இல்லீகல்" என்றாள். "இது சேவை, கண்ணு" என்றார்.

அன்று ஜிப் பையைத் திறந்து மூன்று வகையை எடுத்தார். "பாய், இந்த மஞ்சள் நம்ம ஊர் மாத்திரை, வலிக்கு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இந்தச் சிவப்பு வீக்கத்துக்கு, மத்தியானம் ரெண்டு. இந்த நீலம் ராத்திரி போட்டாத் தூக்கம் வரும். மூணும் மூணு வேலை செய்யும்."

"நம்ம ஆபீஸ்ல கூட இவ்வளவு தெளிவா வேலை பிரிச்சுக் குடுக்க மாட்டாங்கய்யா" என்றார் ஜைனுதீன்.

சுலைகா மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இவரு பிரஷருக்கு ரெண்டு மாத்திரை சாப்பிடறாரு. அதுல ஒண்ணு நீர் பிரியறதுக்கு. அதோட இதைச் சேத்து..."

"அது வேற டிபார்ட்மென்ட்மா" என்றார் வாஞ்சிநாதன்.

அவருடைய வேலை என்ன என்று இந்த இடத்தில் சொல்லிவிடுவது நியாயம். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் லீட். தனித்தனியாக ஒழுங்காக ஓடும் இரண்டு சாஃப்ட்வேரைச் சேர்த்து ஓட்டினால் எது உடையும் என்று கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம் தருகிறார்கள்.

முதல் இரண்டு நாள் எல்லாம் மேஜிக். ஜைனுதீன் போன் பண்ணி, "வாஞ்சி, வலியே இல்லய்யா, நாளைக்கு நானே கிரைண்டரத் தூக்கறேன்" என்றார். பாத்ரூம் மாடியில் இருந்தது. நொண்டிக்கொண்டு ஏறி இறங்குவதற்குச் சோம்பல்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டதாகவும் சொன்னார். "கெட்டிக்காரன்" என்றார் வாஞ்சிநாதன்.

வார நடுவில் பார்க்கப் போனபோது வலது பாதத்தின் நீலம் மஞ்சளாகியிருந்தது. நல்ல அறிகுறி. ஆனால் இடது பாதமும் உப்பியிருந்தது. சாக்ஸ் கழற்றிய இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே நின்றது.

"என்னய்யா இது, அடிபட்டது வலது கால், வீங்கறது இடது கால்?" என்றார் ஜைனுதீன்.

"பாவம், அதுதானே முழு வெயிட்டும் தாங்குது" என்றார் வாஞ்சிநாதன். "ஓவர்டைம் பாக்குது. வீக்கத்துக்கான சிவப்பை இன்னொரு வேளை சேத்துக்கங்க பாய்."

டீ கொண்டுவந்த சுலைகா அந்தக் காலையும் பார்த்தாள், வாஞ்சிநாதனையும் பார்த்தாள். டீயில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மீட்டிங்கின் நடுவில் அவர் மனைவி வசந்தாமணி போன் செய்தாள். "ஏனுங், ஜைனு அண்ணனை ஆஸ்பத்திரில சேத்தியிருக்கறாங்களாமா. நேத்திருந்து ஒண்ணுக்கே சரியாப் போகலையாமா. ரத்தம் எடுத்துப் பாத்தா கிட்னி நம்பர் எல்லாம் ஏறிக் கெடக்குதுன்னு சொல்றாங்க."

மீட்டிங்கில் யாரோ, "வாஞ்சி, எனி ரிஸ்க்ஸ் ஃப்ரம் யுவர் சைட்?" என்று கேட்டார்கள். வாஞ்சிநாதன் லேப்டாப்பை மூடிவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஜைனுதீன் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் உப்பி, வேறு யாரோ ஜைனுதீன் மாதிரி வேஷம் போட்டுப் படுத்திருப்பது போல இருந்தது. சுலைகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே வந்ததும் எழுந்து, "காபி வாங்கிட்டு வரேங்க" என்று கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வாஞ்சிநாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாய், உண்மையைச் சொல்லுங்க. நம்ம மாத்திரையாலயா?"

"யோவ், அல்லாஹ் நாடினது. நீ என்ன பண்ணுவ?"

"அவன் நாடினான் சரி. கொண்டு வந்து குடுத்தது யாரு?"

"நீ பாசமாத்தானே குடுத்த" என்றார் ஜைனுதீன். அதற்கு மேல் மோசமாக யாரும் திட்டிவிட முடியாது.

அப்போது உள்ளே வந்த டாக்டரம்மாவிடமும் கேட்டார். நோயாளியின் சம்மதமில்லாமல் எதையும் பேச முடியாது என்று அவர் அழகாகச் சிரித்தார். சம்மதம் கொடுக்க வேண்டிய நோயாளி அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடித் தூங்குவது போல நடித்தார்.

அதன் பிறகு வாஞ்சிநாதன் ஒரு பதிலைத் தேடி நியூஜெர்சி முழுக்க அலைந்தார் என்றே சொல்லலாம். மருந்துக் கடையில் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் "ஒரு நண்பர்" என்று ஆரம்பித்தார். "உங்கள் நண்பர் எங்களிடமோ தன் டாக்டரிடமோ முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றாள் அவள். அவள் சொன்ன நண்பர் யார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. தன்னுடைய டாக்டரிடம் போனார். அவர், "இட் டிபென்ட்ஸ்" என்று சொல்லிவிட்டு இவருடைய பிரஷரைப் பார்த்து முகம் சுளித்தார். நீங்களும் முட்டிக்கு அதே மாத்திரையைத்தான் தினமும் போடுகிறீர்களா, அதுவும் வெறும் வயிற்றில் காபியோடா என்று விசாரித்து, இவருக்கே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து அனுப்பினார். வாஞ்சிநாதன் ஒரு வருஷமாகக் கோயில் புளியோதரையின் மேல் போட்டுவந்த நெஞ்செரிச்சல் பழியை அன்றுதான் வாபஸ் வாங்கினார்.

வாட்ஸப் குழுவில் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தார். ஒருவர் வாழைத்தண்டு ஜூஸ் என்றார். இன்னொருவர் எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி என்றார். மூன்றாமவர், "சார், உங்ககிட்ட அந்த ஊர் மாத்திரை இன்னும் இருக்கா? எனக்குக் கழுத்துப் பிடிச்சிருக்கு" என்று தனியாக மெசேஜ் அனுப்பினார். வாஞ்சிநாதன் போனைத் தலைகுப்புறக் கவிழ்த்து வைத்தார்.

கடைசியில் வசந்தாமணியிடம் வந்தார். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"நீயாச்சும் நேரா சொல்லு. என்னாலதானா?"

"ஆமான்னு சொன்னா ஒரு வாரம் சோறு திங்காமக் கெடப்பீங்க. இல்லைன்னு சொன்னா மறு வாரமே பக்கத்து வீட்டுக்காரனுக்கு எடுத்துக் குடுப்பீங்க. நான் வாயே தொறக்க மாட்டனுங்" என்றாள் அவள். "இந்தாங்க, இந்த உளுந்தை ஆட்டுங்க."

அந்த உளுந்தில்தான் அவருக்கு யோசனை வந்தது. ஜைனுதீன் வீட்டு கிரைண்டரைக் கொன்றது அவர்தானே. அந்த வீட்டில் தினமும் காலையில் இட்லியோ தோசையோ இல்லாமல் பொழுது விடியாது. எனவே மாவு ஆட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தார். வசந்தாமணி ஆட்டித் தருவதாகச் சொன்னாள். "இல்ல, நானே" என்றார். மாவு ஆட்டினால் பாவம் கரையும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. இருந்தாலும் உளுந்து எவ்வளவு, அரிசி எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று மூன்று யூடியூப் வீடியோக்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

ஜைனுதீன் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த மூன்று வகையையும் அடியோடு நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றியதில் நம்பர்கள் இறங்க ஆரம்பித்தன. இன்னும் முழுசாக இறங்கவில்லை. அடுத்த பரிசோதனையில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வாஞ்சிநாதன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆபீஸ் போகும் வழியில் அவர்கள் வீட்டு மணியை அடிப்பார். சுலைகா கதவைப் பாதி திறப்பாள். டப்பாவை வாங்கிக்கொள்வாள். போன தடவை கொடுத்த டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

"பாய் எப்படி இருக்காரும்மா?"

"இருக்காரு."

"கால் வீக்கம்?"

"வடிஞ்சிட்டிருக்கு."

கதவு மூடும். உள்ளேயிருந்து ஜைனுதீன், "யாரு, மாவு சேட்டா? உள்ள வரச் சொல்லு சுலைகா!" என்று கத்துவது கேட்கும். கதவு திறக்காது.

இருபது வருஷமாக அவர்களுடைய பழைய வீட்டில் அவர் மணி அடித்ததே கிடையாது. பெருநாளைக்கு பிரியாணி தேக்சாவைத் திறந்து முதல் கரண்டி போட்டுக்கொள்கிறவர் அவர். வசந்தாமணிக்கு அதிதி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது சுலைகாதான். இப்போது வாசலில் மிதியடியின் மேல் நின்று, இரண்டு வார்த்தைகளை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்காருவார். டிக்கியில் இருந்த ஜிப் பை ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே காணாமல் போயிருந்தது. சுலைகாதான் தன்னிடம் மாற்றுச் சாவி கேட்டு வாங்கி எடுத்துக்கொண்டு போனதாக வசந்தாமணி சொன்னாள். எதற்கு என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனாக இருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஜைனுதீனின் அடுத்த பரிசோதனை முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டப்பாவோடு போய் நின்றார். மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. இந்தத் தடவை முழுசாக.

சுலைகா டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, மாவு புளிக்குது."

வாஞ்சிநாதன் விழித்தார். "இன்னிக்கா?"

"ஆரம்பத்துலேந்தே. ஹீட்டர் பக்கத்துல வெச்சிடறீங்க போல. உளுந்தும் பத்தல. தோசை ரப்பர் மாதிரி வருது. இவரு ஒரு வார்த்த சொல்லல. 'நல்லா இருக்குன்னு சொல்லு, பாவம், அவனே நொந்து போயிருக்கான்'னு எனக்கும் சொல்லிக் குடுத்தாரு."

யாரும் இத்தனை நாள் அவரிடம் ஒரு உண்மையைக்கூடச் சொல்லவில்லை. மாவு புளிக்கிறது என்பது சின்ன உண்மைதான். ஆனால் அது காதில் விழுந்ததும் அவருக்குச் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் வசந்தாமணி சிரிப்பாள்.

"நம்பர் என்னம்மா வந்துச்சு?"

"எறங்கிடுச்சு, அல்ஹம்துலில்லாஹ். பழைய எடத்துக்கே வந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. இனிமே அந்த வகை மாத்திரை இவரு தொடவே கூடாது. வலின்னா பாரசிட்டமால் மட்டும், அதுவும் கேட்டுட்டு, அளவோட."

வாஞ்சிநாதன் மிதியடியின் மேலேயே நின்றார். உள்ளேயிருந்து டிவி சத்தம் கேட்டது. ஜைனுதீன் வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக்கேட்பது நன்றாகவே தெரிந்தது.

"சுலைகா, நான் ஊரெல்லாம் கேட்டுட்டேன். யாரும் நேரா ஒரு பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ என் முகத்தப் பாத்துச் சொல்லு. என்னாலதானா?"

"சுலைகா!" என்று உள்ளேயிருந்து எச்சரிக்கையாக ஒரு குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள் திரும்பாமலே. பிறகு வாஞ்சிநாதனைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"உங்க பையை நான்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா சாப்பாட்டு ட்ரேல எல்லாத்தையும் கொட்டினாங்க. மஞ்சள் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்சாங்க. அப்புறம் கையால மூணையும் ஒண்ணாத் தள்ளினாங்க. பேரு வேற, கலரு வேற, ஊரு வேற, ஆனா மூணும் ஒரே குடும்பம், செய்யறது ஒரே வேலைன்னாங்க. நீங்க மூணு மருந்து குடுக்கலண்ணே, ஒரே மருந்த மூணு மடங்கு குடுத்திருக்கீங்க. அதோட இவரோட ரெண்டு பிரஷர் மாத்திரையும் சேந்துச்சு. தண்ணியும் குடிக்கல. கிட்னிக்கு ரத்தம் போற வழியையே எல்லாமாச் சேந்து இறுக்கிடுச்சாம். அதனாலதான் அடிபடாத காலும் வீங்குச்சு. அது சொல்லுச்சு, நாமதான் கேக்கல."

"நீ சொன்னே. பிரஷர் மாத்திரை சாப்பிடறாருன்னு அன்னிக்கே சொன்னே."

"சொன்னேன். வேற டிபார்ட்மென்ட்டுன்னீங்க. உங்கள நம்பி நானும் வாயை மூடிக்கிட்டேன். அந்தக் கோபம் பாதி என்மேலயேதான்." அவள் டப்பா மூடியை அழுத்தி மூடினாள். "கேட்டீங்கல்ல, சொல்லிடறேன். ஆமாண்ணே. உங்க மாத்திரை இல்லைன்னா இது வந்திருக்காது. செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."